சாட்சிக் கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி இப்போது எப்படி? அத்தானின் பூட்டுக்கடையில் கூட்டம் உண்டா? ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன் தன் வாயை மட்டும் திறக்க மாட்டார் என்று சொல்வாயே, இன்னும் அப்படித்தானா?

ஒரு செய்தி. கையில் டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி. வக்கீல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். இனி ஒரே ஒருவருக்குத்தான் டைப் அடிக்கப் போகிறேன். உங்கள் பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு எழுத்தாளரைப் பெயர் சொல்லாமல் 'எழுதத் தெரிந்த சாத்தான்' என்று திட்டுவாரே, அவருக்கு.

கத்தாதே. கேள். சாத்தானுக்கு வயது எழுபத்தாறு. கண் பார்வை மங்கிவிட்டது. மாடியறையில் ஜன்னலிலிருந்து கதவு வரை பதினோரு அடி. அதற்குள் நடந்துகொண்டே சொல்வார், நான் அடிப்பேன். என் பெயர் அவருக்கு மனதில் நிற்கவில்லை. "டைப்பு, எங்க விட்டோம்?" என்பார். இப்போது எழுதுவது சபைகளைப் பற்றி. கடவுள் வீட்டுக்கு ஏன் இத்தனை வாசற்காவல் என்பதுதான் புத்தகம். ஆனால் காலையில் முதல் வேலையாக வேதத்தில் ஒரு அதிகாரத்தை நான் படிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஏன் என்று கேட்டேன். "சண்டைக்குப் போறவன் எதிராளி வீட்டுக்குள்ள ஒரு தடவையாவது போயிருக்கணும், டைப்பு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது.

இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறார். நம்பிக்கை உள்ள ஒருவர் படித்துத் திட்டாத பக்கம் அச்சுக்குப் போகாது. இத்தனை வருடமாக ஒரு தலைமையாசிரியை படித்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் காலமாகிவிட்டார். "நல்லா நம்புறவங்க, நல்லா சண்டை போடுறவங்க, ரெண்டும் ஒரே ஆளா உனக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை.

படிப்பாயா, அக்கா? அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். முட்டி என் சொல் கேட்பதில்லை, அத்தானைப்போல. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அடுப்பில் போடலாம் என்றுதான் எழுந்தேன். அத்தான் தடுக்கவில்லை, வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசாததாலேயே திரும்பி உட்கார்ந்து இரண்டாம் தடவை படித்தேன். சபை ஆபீசில் பதிவேடு எழுதுகிறவள் நான். பதினாறு வருடமாக இந்தச் சபையில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் என் கையெழுத்தில்தான் நடக்கிறது. என்னை அந்த மனிதர் எழுதியதைப் படிக்கச் சொல்கிறாய். பாம்புக்குப் பால் வார்க்கிற வேலை இது.

அனுப்பு. சிவப்புப் பென்சிலால்தான் படிப்பேன். நான் எழுதுகிற எதையும் நீ பாலிஷ் போட்டு அவரிடம் சொல்லக் கூடாது. அப்படியே படித்துக்காட்ட வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, எப்போதும்போலக் கல்லறைத் தோட்டத்து மதிலோர மரத்தடிக்குப் போய் நம் குட்டிக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். இருந்திருந்தால் இந்த வருடம் பத்தொன்பது. அத்தான்தான் பூ வாங்கிக் கொடுத்தார். உனக்குத் தெரியாததா.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் விட்டுவிட்டது. நீ திருத்தி அனுப்பிய நான்கு அத்தியாயமும் வந்தன. சிவப்பைப் பார்த்துத் தபால்காரரே பயந்திருப்பார்.

சொன்னபடி ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில், ஜெபிப்பவர்கள் கடவுளிடம் சிபாரிசுக்கு நிற்பவர்கள் என்று கிண்டலாக ஒன்றரைப் பக்கம் சொல்லியிருந்தாரே. அதன் ஓரத்தில் நீ எழுதியது: "ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களை இவர் பார்த்ததில்லை. அவர்கள் எதையும் கேட்பதில்லை. கை சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் கூப்பியிருக்கிறார்கள்." இதைப் படித்ததும் நடை நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "அடிச்சிரு" என்றார். எதை என்றேன். "ஒன்றரைப் பக்கத்தையும்தான். சிரிக்க வைக்கணும்னு சொன்னது அது. உங்க அக்கா பாத்ததைச் சொல்றாங்க" என்றார். எத்தனை எழுத்தாளர்களுக்கு, அக்கா, இந்த மனசு வரும்?

நரகத்தைப் பற்றிய அத்தியாயத்தில் நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. பிள்ளைக்கு எழுத்து கற்பிக்கும் முன்னே எரிகிற நெருப்பைக் கற்பிக்கிறோம், அன்பைப் பயமுறுத்திக் கேட்கிறோம் என்று அவர் கேட்கிற இடம். அதைக் கவனித்துவிட்டு, "இங்க ஏன் சும்மா இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

போன வாரம் நாத்திகர் சங்கத்திலிருந்து மாலையோடு நாலு பேர் வந்தார்கள். தலைவராக இருக்கச் சொன்னார்கள். "ஒரு சபைய விட்டு வெளிய வர்றதுக்கே எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. இன்னொண்ணுல சேரச் சொல்றீங்களே, அங்கயாவது பாட்டு நல்லாருந்தது" என்று அனுப்பிவிட்டார். மாலையை மட்டும் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சருக்குக் கொடுக்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இதை வீட்டுக்கு அனுப்பாமல் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். ஏழாம் அத்தியாயம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றியது. மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்று, "இதெல்லாம் நான் படிச்சது. நீ கண்ணால பாத்திருக்கியா?" என்று கேட்டார். பத்தொன்பது வருடம் உள்ளே கிடந்தது, அத்தான், வாய் தானாகத் திறந்துகொண்டது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் என்று ஆரம்பித்தேன். நாலு மணி நேரம் உயிரோடிருந்த பெண்குழந்தை, தாய் காய்ச்சலில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில், தகப்பனும் தாய்மாமனும் ஒரு சின்னப் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்து வாசலில். சபைச் செயலாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு "ஞானஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டது. நீங்கள் "இல்ல" என்றது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று அவர் கதவைத் திறக்காதது. நாம் மதிலைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் போய்க் குழி வெட்டியது. எல்லாம் சொன்னேன். பிறகு தாயிடம், உள்ளே மரத்தடியில்தான் வைத்திருக்கிறோம் என்று நாம் சொன்னதையும் சொன்னேன்.

அவர் நடக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். பிறகு ஐந்து பக்கம் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு முதல் நூற்றுப் பதினாறு வரை. நான் இதுவரை அடித்ததிலேயே நல்ல பக்கங்கள் அவை. அழுதுகொண்டே அடித்தேன். அந்த வீடு எது என்று அவருக்குத் தெரியாது.

இப்போது அந்த அத்தியாயம் அக்காவிடம் போக வேண்டும். போனால் அவள் இத்தனை வருடம் வெறும் மண்ணுக்குப் பூ வைத்தாள் என்று தெரிந்துவிடும். போகாவிட்டால் அச்சுக்குப் போகாது. நான் என்ன செய்யட்டும்?

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு மற்றதை அனுப்பு. அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் இருக்கும்வரை தெரிய வேண்டாம்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேலும் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அத்தான்

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இத்துடன் ஏழாம் அத்தியாயம். பக்க எண் ஓரிடத்தில் தாவும், மெஷின் கோளாறு, கண்டுகொள்ளாதே. ஐயா உன்னை விசாரித்தார். அவசரமாக எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அத்தான் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு என்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அவரிடம் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை. தனக்குச் சாதகமான வசனத்தைக்கூட முன்பின் பார்த்துத்தான் எடுக்கிறார். எங்கள் பிரசங்கத்திலேயே இந்தக் கவனம் எப்போதும் இருப்பதில்லை. ஒரு இடத்தில் மட்டும் மூன்றாம் சுவிசேஷத்தில் இருப்பதை நான்காவது என்று எழுதியிருக்கிறார். சிவப்பு போட்டிருக்கிறேன்.

இனி கெட்டது. டைப் மெஷின் பக்க எண்ணைத் தானாக அடிக்காது, தம்பி. நீதான் அடிக்கிறாய். நூற்றுப் பதினொன்றாம் பக்கம் "அந்த மதிலுக்கு வெளியே" என்று பாதி வாக்கியத்தில் நிற்கிறது. அடுத்தது நூற்றுப் பதினேழு. அது "இதற்குப் பிறகும் அந்தத் தாய்" என்று தொடங்குகிறது. எந்தத் தாய்? பதிவேடு எழுதுகிறவளிடம் பக்கத்தை ஒளிக்கப் பார்க்கிறாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

ஐந்து பக்கத்தையும் அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 30

தம்பி,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்க மாட்டேன். அத்தானும் சாப்பிடவில்லை, நீயும் பதில் போடவில்லை. இரண்டுக்கும் ஒரே நோய் என்று நினைக்கிறேன்.

அக்கா

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து பக்கமும் இத்துடன் இருக்கின்றன.

ஐயா கண்டுபிடித்துவிட்டார். உன் திருத்தங்களைப் படித்துக்காட்டும்போது, "அந்தக் கல்லறைப் பக்கங்களுக்கு உங்க அக்கா ஒண்ணுமே சொல்லலையா?" என்று கேட்டார். திக்கினேன். விடவில்லை. கடைசியில் அந்த வீடு எது என்றும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை. "என்னோட ஒரே ஒரு சட்டம் இது. அதையும் மீற வச்சிட்டியே. அந்தத் தாயோட கதைய அவங்களுக்கே தெரியாம எழுதியிருக்கேன்" என்றார். அன்று வேலை நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை.

அக்கா, மரத்தடியில் எதுவும் இல்லை. குட்டி மதிலுக்கு வெளியே இருக்கிறாள். நானும் அத்தானும்தான் வைத்தோம். உன்னிடம் பொய் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து முடிவு செய்தது நான், அத்தான் இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவரிடம் கோபப்படாதே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

உன் தம்பி

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். இரண்டு மாதம் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. ஒன்பது தடவை எழுத உட்கார்ந்தேன், ஒன்பது தடவையும் வேறு வேலை வந்துவிட்டது. வேலையை நானே கூப்பிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

குட்டி வெளியே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பதினாறு வருடமாகத் தெரியும். பதிவேட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லாரும் போனதும், நான் முதலில் திறந்தது அந்த வருடத்து அடக்கப் பதிவேட்டைத்தான். அவள் பெயரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த வேலையையே கேட்டு வாங்கினேன். அந்தத் தேதியில் எதுவும் இல்லை. குழிவெட்டுபவரிடம் கேட்டேன். அவர் என்னை வெளியே கூட்டிப்போய்க் கையால் காட்டினார். மரத்துக்கு நேர் பின்னால், மதிலின் அந்தப் பக்கம். நீங்கள் பொய் சொன்னாலும் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். நான் மதிலின் இந்தப் பக்கம் பூ வைக்கிறேன், அவ்வளவுதான். நடுவில் ஒரு முழம் செங்கல்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன். அத்தான் வாசலில் நின்றார், கையில் பூவோடு. அடுத்த நாள் ஞாயிறு. எப்படிக் கேட்பேன்?

ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு அது மட்டும் காரணம் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உட்கார்ந்து படி.

அவள் பிறந்ததும் நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அத்தான் பாதிரியாரைக் கூப்பிட ஓடினார், பாதிரியார் வெளியூரில். நீ கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். அவள் மூச்சு வர வரக் குறைந்தது. பக்கத்தில் எனக்குக் குடிக்க வைத்த தண்ணீர் இருந்தது. உயிர் போகிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சபைச் சட்டம். சின்ன வயதிலேயே ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்தது. விரலை நனைத்து மூன்று தடவை அவள் நெற்றியில் வைத்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெயர் வைக்க வேண்டுமே, எதுவும் வாய்க்கு வரவில்லை. அவளை முதலில் எட்டிப் பார்த்தபோது நீ "கடுகு மாதிரி இருக்காளே" என்றாயே, அதுதான் வந்தது. கடுகு என்றே வைத்தேன். பிறகு காய்ச்சல் வந்து எனக்கு நினைவில்லை.

ஆகவே அன்று செயலாளர் கேட்ட கேள்விக்கு "ஆச்சு" என்பதுதான் பதில். கதவு திறந்திருக்கும். செயலாளர் அத்தானைக் கேட்டார். அத்தான் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பக்கத்தில் நீயும் தலையாட்டியிருப்பாய். ஆஸ்பத்திரிக்கு வந்து, கண் விழிக்கட்டும், அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் விழித்தபோது, உள்ளே மரத்தடியில் வைத்தாயிற்று என்றீர்கள். உள்ளேதானே இருக்கிறாள், இனி எதற்குச் சொல்ல என்று இருந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து உண்மை தெரிந்தபோது சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால், தன் வாயால் வந்த ஒரு "இல்ல"தான் மகளை வெளியே வைத்தது என்று அந்த மனிதர் சாகும்வரை சுமப்பார்.

உங்கள் ஐயாவின் ஐந்து பக்கத்தையும் படித்தேன். எனக்காக இப்படி யாரும் இதுவரை கோபப்பட்டதில்லை. நன்றாக அழுதேன், அதற்கு நன்றி சொல். ஆனால் சபை கேட்காததையெல்லாம் கேட்கிற அவரும் என்னைக் கேட்கவில்லை. இதையும் அப்படியே படித்துக்காட்டு, பாலிஷ் போடாதே.

பதிவேட்டில் நானே எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். சாட்சிக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. பொய்ச் சாட்சி போட்டு என் மகளை உள்ளே சேர்க்க மாட்டேன். உங்கள் ஐயாவைப் போடச் சொல்லேன், அவர் கையெழுத்துக்கு ஊரெல்லாம் மதிப்பாமே. விளையாட்டுக்குச் சொன்னேன்.

அக்கா

ஆகஸ்ட் 4

அம்மா,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இதை டைப்பிடம் சொல்லாமல் நானே எழுதுகிறேன். பூதக்கண்ணாடி வைத்து எழுதினால் இப்படித்தான் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தம்பி படித்தான். பாதியில் அவனால் முடியவில்லை. காத்திருந்து முழுவதும் கேட்டேன். வாசலில் நிற்கிற ஆண்களிடம் மட்டுமே சபை ஏன் எல்லாவற்றையும் கேட்கிறது என்று நாற்பது வருடமாக எழுதுகிறவன் நான். நானும் வாசலில் நின்ற ஆணிடம்தான் கேட்டிருக்கிறேன். இந்த வயதில் இப்படிக் குட்டு வாங்குவது நல்லது. வாங்கிக்கொண்டேன்.

அந்த ஐந்து பக்கமும் இனி உங்களுடையவை. அச்சிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

தண்ணீரைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஒரு குழந்தை எங்கே படுப்பது என்பதைத் தண்ணீர் முடிவு செய்யக் கூடாது. ஞானஸ்நானம் ஆகாமலே இருந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பேன். உங்கள் மேலுள்ள மரியாதைக்காக இதை மாற்றிச் சொன்னால் நீங்களே சிவப்பு போடுவீர்கள்.

விளையாட்டுக்குக் கேட்டேன் என்றீர்கள். நான் விளையாட்டாக எடுக்கவில்லை. நடந்ததைப் பார்த்தேன் என்று என்னால் சாட்சி போட முடியாது. பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர்களோடுதான் என் வாழ்நாள் சண்டை. ஆனால் என்னால் உண்மையாகப் போட முடிகிற கையெழுத்து ஒன்று இருக்கிறது. தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். டைப்புக்கும் காட்டவில்லை. செல்லுமா செல்லாதா என்று உங்கள் பாதிரியார் சொல்லட்டும். என்னைத் திட்டுகிறவர் என்று கேள்வி. நன்றாகத் திட்டுவாராமே.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்க்கட்சி

செப்டம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உன் ஐயா சொன்ன ஒத்தடம் வேலை செய்கிறது, எழுத்தை விட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று சொல்.

முதலில் அத்தானிடம் சொன்னேன். கடையில் ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அரத்தை நிறுத்தவில்லை. முடித்ததும் பார்த்தால் சாவியின் பல் எல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. "கெட்டுப்போச்சு" என்றார். பிறகு, "நான் இல்லைன்னு சொன்னேன்" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னீங்க. நானும் தெரிஞ்சதைச் சொல்லாமத்தான இருந்தேன், கணக்கு சரியாப் போச்சு" என்றேன். அரைநாள் கடையைச் சாத்திவிட்டு என்னோடு நடந்தார். வழி முழுக்கப் பேசினார். அவள் பெட்டி எவ்வளவு லேசாக இருந்தது என்று சொன்னார். செயலாளர் சாவியைப் பிடித்த கை நடுங்கியது என்றார். பூட்டு திறந்துவிட்டது, தம்பி. இப்போது நான் மூடச் சொன்னால்கூட மூடமாட்டேன் என்கிறது.

அடுத்து இருவரும் பாதிரியாரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். சீட்டைக் கொடுத்தேன். படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தார்.

"இது யாரு கையெழுத்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எழுதத் தெரிஞ்ச சாத்தானோடது."

அவருக்குக் காது சிவந்துவிட்டது. அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார், பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவர் தேடியது மறுப்பதற்கா சேர்ப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் பாதிரியார் புத்தகத்தை மூடினார். "சாட்சி சபை உறுப்பினரா இருக்கணும்னு எங்கயும் போடல" என்றார். "பாத்தவராத்தான் இருக்கணும்னும் போடல. எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்." அந்த வருடத்துப் பதிவேட்டை அவரே தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். அவர் மேலும் எனக்கு இன்று மரியாதை.

பெயர்: கடுகு. தாய், தகப்பன் கட்டங்களில் எங்கள் பெயர்கள். நடத்தியவர் என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதினேன். பதினாறு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அந்தச் சொல்லை எழுதியதில்லை. சாட்சிக் கட்டத்தில் உன் ஐயாவின் சீட்டைப் பசை தடவி ஒட்டினேன். கொஞ்சம் பெரிய சீட்டு, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டும்.

குட்டியை இடம் மாற்றலாமா என்று கேட்டார் பாதிரியார். வேண்டாம் என்றேன். அவள் பக்கத்துக்கு நாங்கள் போகிறோம். இந்த ஞாயிறு நானும் அத்தானும் மதிலைச் சுற்றிப் போய் வெளிப்பக்கம் பூ வைத்தோம். அன்றைய பிரசங்கத்தில் யாருக்கும் திட்டு விழவில்லை, அதனால் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

ஐந்து பக்கத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடுக்க வேண்டாம், அச்சில் வரட்டும். செயலாளரின் கை நடுங்கியதைச் சேர்க்கச் சொல். தாய்க்கு எதுவும் தெரியாது என்ற வரியை அடித்திருக்கிறேன். எட்டாவது அத்தியாயத்தை அனுப்பு, பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

அக்கா

பி.கு. சீட்டில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது அல்லவா? அவருடைய பன்னிரண்டு புத்தகத்திலும் தேடினாலும் உனக்குக் கிடைக்காத சொல் ஒன்று அதில் இருக்கிறது. இப்போது எங்கள் சபைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"நான் அங்கே இல்லை. எதையும் பார்க்கவில்லை. தாய் சொல்கிறார். நம்புகிறேன்."